சக்கரம் சுற்றிய ஓர்க்கு

கயிற்றுக்கூடத்தின் பெரிய சக்கரத்தை ஓர்க்கு என்னும் அரக்க இனத்துப் பிணம் ஒன்று சுற்றிக்கொண்டிருந்தது. கூடத்தில் யாரும் அதைப் பிணம் என்று சொல்வதில்லை. எருது என்றார்கள். "எருதைக் கொஞ்சம் தள்ளி விடு" என்றும் "எருது பக்கத்து அச்சுல எண்ணெய் விட்டியா?" என்றும் அவர்கள் பேசிக்கொள்வதைக் கேட்டுவிட்டு, புதிதாக வேலைக்கு வந்தவர்கள் கொம்பும் வாலும் உள்ள ஒன்றைத் தேடிச் சக்கர அறைக்குள் போவார்கள். பச்சை பாரித்த தோளையும், உதட்டுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் கீழ்ப்பல்லையும் பார்த்துவிட்டுப் போன வேகத்தில் திரும்பி ஓடி வருவார்கள். போர்க்காலம் முழுக்கக் கூடத்துக்கு இருந்த ஒரே வேடிக்கை அது.

அந்தச் சக்கரம் இரண்டு ஆண்கள் சேர்ந்து சுற்ற வேண்டியது. ஆண்களோ சக்கரவர்த்தியின் படைக்குப் போய்விட்டார்கள். படைக்குக் கயிறு இல்லாமல் ஆகாது. மதிலேற, தேர் இழுக்க, கல்லெறியும் பொறிகளை முறுக்க, எல்லாவற்றுக்கும் கயிறு. சக்கரவர்த்தியை எதிர்த்த மந்திரவாதியின் படை முதல் தடவை வடக்கு வாசலில் தோற்று ஓடியபோது இந்த ஓர்க்கு பின்தங்கி அகழிக்கரையில் நின்றுகொண்டிருந்தது. கூடத்து மேஸ்திரி அதை இழுத்து வந்து சக்கரத்தின் கைப்பிடியில் கட்டிவிட்டான். மந்திரத்தால் செத்தும் எழுந்து நிற்கிற நிற்பிணங்களின் குணம் அப்படி. எழுப்பியவனின் குரல் எட்டாத இடத்தில் அவை நிறுத்தினால் நிற்கும், தள்ளினால் தள்ளிய வேலையைச் செய்துகொண்டேயிருக்கும். வெட்டிப் பயனில்லை, துண்டுகள் துடிக்கும். எரித்தாலும் எலும்பு எழுந்து நிற்கும்.

மேஸ்திரியின் அண்ணிதான் கூடத்தில் மூத்த கயிற்றுக்காரி. கயிறு திரிப்பவர்கள் நாரை இடுப்பில் சுற்றிக்கொண்டு, அதன் நுனியைச் சக்கரத்தின் கொக்கியில் மாட்டி, இழை விட்டபடியே பின்னால் பின்னால் நடந்துபோக வேண்டும். கால் ஒரு பக்கம் போகும், கண் சக்கரத்தின் மேலேயே இருக்கும். கண்ணை எடுத்தால் புரியின் முறுக்கு கெட்டுவிடும். ஆகவே அந்த ஓர்க்கின் முகத்தை அவளைப் போலப் பார்த்தவர்கள் அந்த நகரத்தில் கிடையாது. பார்த்தாளே தவிர, ஒருநாளும் அதை நினைத்ததில்லை.

அவளுக்கு நினைக்க வேறு இருந்தது. அவளுடைய ஒரே மகன் ஆற்றங்கரைச் சண்டையில் செத்தான். அதோடு முடிந்திருந்தால் மற்ற தாய்மார்களைப் போல அவளும் அழுது ஓய்ந்திருப்பாள். செத்தவர்களின் வாயில் மந்திரவாதி ஒரு மூச்சு ஊதினான். அவர்கள் எழுந்தார்கள். எழுந்தவர்களை அவரவர் ஊருக்கு எதிராகவே நடத்திக்கொண்டு வந்தான். வடக்கு வாசலுக்கு இரண்டாம் தடவை வந்த படையில், முன்வரிசையில், அவள் மகன் நடந்து வந்தான். கழுத்துப்பட்டியில் சணல் நார்த்தூசி கூட அப்படியே ஒட்டிக்கொண்டிருந்தது.

மதில்மேல் நின்ற அவள் கணவர் அவனைப் பார்த்தார். பார்த்த மாத்திரத்தில் படியிறங்கி ஓடினார். பின்னால் கத்தியவர்களின் குரல் அவர் காதில் ஏறவில்லை. பெரிய கதவில் இருந்த சின்னத் திட்டிவாசலின் தாழை நீக்கிக்கொண்டு வெளியே போனார்.

"டேய்! வந்துட்டியாடா!" என்றது மதில் முழுக்கக் கேட்டது.

இரண்டு கையையும் விரித்துக்கொண்டு ஓடிய தகப்பனின் கழுத்தை மகன் பிடித்தான். கயிறு முறுக்கிப் பழகிய கை. நேரம் பிடிக்கவில்லை. மேலே கொதிக்கும் தார்ச்சட்டியோடு நின்றிருந்த கயிற்றுக்காரி அதை முழுக்கப் பார்த்தாள்.

அன்றிலிருந்து அவள் யாரிடமும் மகனைப் பற்றியோ கணவரைப் பற்றியோ பேசியதில்லை. மந்திரவாதியைப் பற்றி மட்டும் கேட்பாள். எங்கே இருக்கிறானாம், எந்தப் பக்கம் போனானாம் என்று படையிலிருந்து வருகிற ஒவ்வொருவனையும் பிடித்து விசாரிப்பாள். ஊரில் அவனுக்கு ஊதாங்குழல் என்று பெயர் வைத்திருந்தார்கள். சின்னவர்கள் சிரித்துக்கொண்டு சொல்லும் அந்தப் பெயரை அவள் பல்லைக் கடித்துக்கொண்டு சொல்வாள்.

ஒரு காலையில் மேஸ்திரி மூச்சிரைக்க ஓடி வந்தான்.

"அண்ணி! ஊதாங்குழல் மாட்டிக்கிட்டான்! சதுப்பு நிலத்துல ஒளிஞ்சுகிட்டு இருந்திருக்கான். வாயில தோல்பட்டை போட்டு இறுக்கி இழுத்துகிட்டு வர்றாங்க."

அவள் இழையை விடவில்லை. "உயிரோடவா?"

"உயிரோடதான். கண்டபடி ஜலதோஷம் பிடிச்சிருக்காம். தும்மிகிட்டே வர்றானாம்."

"நல்லது. செத்துத் தொலைஞ்சிடாம பாத்துக்கச் சொல்லு."

மத்தியானம் கூடத்து வாசலில் தளபதி வந்து அறிவித்தார். அவருக்குச் சொத்தைப் பல். கன்னம் வீங்கியிருந்தது. ஒரு கையால் கன்னத்தைத் தாங்கியபடியே பேசினார். மந்திரவாதி பிடிபட்ட கணத்தில் வாசலுக்கு வெளியே நின்ற இடத்தில் நின்றுவிட்ட நிற்பிணங்களையெல்லாம் இந்தக் கூடத்தில் கொண்டுவந்து கட்டப்போகிறார்கள். நகரத்திலேயே நீளமான கூரையும் வரிசையாகத் தூண்களும் உள்ள இடம் இதுதான். சொந்தக்காரர்கள் வந்து, அவரவர் ஆளின் கையைப் பிடித்து, 'என் ஆள்' என்று சொல்ல வேண்டும். மந்திரவாதி 'விட்டேன்' என்று சொல்வான். சொன்னதும் பிணம் சாயும். எடுத்துப் போய் அடக்கம் செய்துகொள்ளலாம். எல்லாம் சாய்ந்த பிறகு அவனைத் தூக்கில் போடுவார்கள்.

"அவன் எதுக்குச் சொல்லப்போறான்? எப்படியும் சாகப்போறவன்தானே?" என்று கூட்டத்தில் ஒருவர் கேட்டார்.

தளபதி எரிச்சலோடு சொன்னார்: "சொல்லித்தான் ஆகணும். அவன் ஊதின மூச்சு ஒரே ஒரு பொணத்துல மிச்சம் இருந்தாக்கூட, அவன் செத்தாலும் விழ மாட்டான். அவனும் இப்படியே நிக்க வேண்டியதுதான். அவன் பயமெல்லாம் அதுதான். நம்மளவிட அவனுக்குத்தான் அவசரம்."

கூட்டம் கலைந்தது. கயிற்றுக்காரி மட்டும் நின்ற இடத்திலேயே நின்றாள்.

ஒரே ஒரு பிணம் மிச்சம் இருந்தால் போதும்.

முதலில் அவளுக்கு மகன்தான் நினைவுக்கு வந்தான். அவன் கையைப் பிடிக்காமல் இருந்துவிட்டால்? அவனை அப்படி நிற்கவைத்துவிட்டு அவளால் ஒரு வாய் தண்ணீர் குடிக்க முடியாது. அவனை விடவும் முடியாது, ஊதாங்குழலை விடவும் முடியாது என்று தவித்துக்கொண்டிருந்தவளின் காதில் சக்கரத்தின் கிறீச்சென்ற சத்தம் விழுந்தது. திரும்பிப் பார்த்தாள். ஓர்க்கு சுற்றிக்கொண்டிருந்தது.

இத்தனை நாள் பார்த்த முகத்தை அன்றுதான் பிணம் என்று பார்த்தாள்.

அவள் போய்ச் சக்கரத்தை நிறுத்தினாள். ஓர்க்கின் மேல் ஒரு தார்ப்படுதாவைப் போர்த்தினாள். முன்னால் நார்ப்பொதிகளைத் தூக்கி அடுக்கினாள். சக்கர அறையின் கதவைச் சாத்தித் தாழிட்டாள். மேஸ்திரி எதிரே வந்து, "என்ன அண்ணி, எருதை மூடி வச்சுட்டீங்க?" என்றான்.

"கூடத்துல பொணத்தைக் கொண்டாந்து கட்டப்போறாங்க. வேலை எங்க நடக்கும்? தூசி விழாம இருக்கட்டும்."

"அதுவும் சரிதான்" என்று போய்விட்டான். அவனுக்கு ஒன்றும் உறைக்கவில்லை. எருது அவன் கணக்கில் தளவாடம்.

சொந்தக்காரர்கள் வரத் தொடங்கினார்கள். கூடத்தின் நடுவே ஒரு முக்காலியில் மந்திரவாதியை உட்கார வைத்திருந்தார்கள். இவ்வளவு பெரிய நாசத்தைச் செய்தவன் ஒரு பூதம் போல இருப்பான் என்று எதிர்பார்த்து வந்தவர்களுக்கு ஏமாற்றம். ஒல்லி ஆள். மூக்கு சிவந்து ஒழுகியது. கைகள் பின்னால் கட்டியிருந்ததால் துடைத்துக்கொள்ள முடியாமல் தோளில் தேய்த்துக்கொண்டான். ஒவ்வொரு தடவையும் சிப்பாய் ஒருவன் வாயின் தோல்பட்டையை அவிழ்ப்பான், இன்னொருவன் தொண்டையில் கத்தியை வைப்பான், அவன் 'விட்டேன்' என்பான், பட்டை மறுபடி ஏறும். வீட்டுக்குப் போக நேரமாகிவிட்ட ஆள் மாதிரி அடுத்தது யார் அடுத்தது யார் என்று கண்ணால் தேடிக்கொண்டேயிருந்தான்.

ரொட்டிக்கடைக்காரி தன் புருஷன் முன்னால் போய் நின்று இடுப்பில் கையை ஊன்றிக்கொண்டாள்.

"யோவ், உசுரோட இருந்தப்ப ஒரு நாழி ஒரே இடத்துல நின்னிருப்பியா? அடுப்பு பத்தவைக்கக் கூப்பிட்டா ஓடிப்போயிடுவே. இப்ப பாரு, எவ்வளவு அடக்கமா நிக்கிறே!"

சுற்றி இருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். அவளும் சிரித்தாள். பிறகு அவன் கையைப் பிடித்து, "என் ஆள்" என்றாள். அவன் சாய்ந்ததும் அவள் போட்ட கூச்சலில் கூரைப் புறாக்கள் எல்லாம் பறந்துவிட்டன.

கேட்க நாதியில்லாதவர்களையெல்லாம் முடிதிருத்துபவர் எடுத்துக்கொண்டார். "ஒரு தடவை என்கிட்ட தலையக் குடுத்தவன் எல்லாம் என் ஆள்தான்" என்று சொல்லிக்கொண்டு தூண் தூணாகப் போய்க் கையைப் பிடித்தார். சிலருடைய கிருதாவைப் பார்த்து, "இது நம்ம கை இல்லையே, வேற எவனோ கெடுத்து வச்சிருக்கான். சரி, பரவால்ல, வா" என்றார்.

கயிற்றுக்காரி கடைசிவரை காத்திருந்தாள். மகன் கடைசித் தூணில் நின்றான். தினமும் காலையில் அவன் முகத்தை ஈரத்துணியால் துடைத்துவிடுவாள், பேசமாட்டாள். மற்ற தூண்கள் எல்லாம் காலியான பிறகு போய் அவன் வலது கையைப் பிடித்தாள். உள்ளங்கையில் கயிறு அறுத்த காய்ப்பு அப்படியே இருந்தது. இந்தக் கைதான் என்று ஒரு கணம் தோன்றியது. இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"என் ஆள்."

"விட்டேன்" என்றான் மந்திரவாதி.

கொக்கியிலிருந்து கழன்ற புரி மாதிரி மகன் தளர்ந்து அவள்மேல் சரிந்தான். மேஸ்திரி வந்து ஒரு பக்கம் தாங்கினான். இரண்டு பேரும் சேர்ந்து அவனைத் தரையில் கிடத்தினார்கள். அவள் அவன் கண்ணை மூடினாள். இத்தனை நாளும் மூட முடியாத கண் அது.

"அப்பாடா!" என்று தளபதி கன்னத்திலிருந்து கையை எடுத்தார். "எல்லாத் தூணும் காலி. கொண்டுபோங்க அவனை."

சிப்பாய் தோல்பட்டையைத் தூக்கினான். மந்திரவாதி தலையை அப்படியும் இப்படியும் ஆட்டிக் கத்தினான்.

"இருங்க! இருங்க! முடியல. இன்னும் ஒண்ணு இருக்கு!"

"எங்க இருக்கு? கண்ணு அவிஞ்சு போச்சா? எல்லாம் காலி."

"இருக்குங்க. நெஞ்சுல ஒரு மூச்சு இன்னும் திரும்பி வரல. பக்கத்துலதான் இருக்கு. அந்தக் கதவு... அந்தக் கதவுக்குப் பின்னால!"

எல்லோரும் திரும்பினார்கள். மகனின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்த கயிற்றுக்காரி எழுந்து போய்ச் சக்கர அறையின் கதவில் முதுகைச் சாய்த்து நின்றாள்.

"அங்க என்ன இருக்கு?" என்றார் தளபதி.

"அங்க ஒண்ணும் இல்லீங்க" என்றான் மேஸ்திரி, வெள்ளை மனதாக. "சக்கரமும் எருதும்தான்."

சொன்னவன் அப்படியே நின்றான். கை தானாக வாய்க்குப் போனது. "ஐயோ, எருது..." என்று முனகினான். கூடத்து ஆட்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஊர்ப் பிணத்தையெல்லாம் தேடித் தேடிக் கட்டியவர்கள், தினமும் தோளில் தட்டி வேலை வாங்கிய ஒன்றை மறந்துபோயிருந்தார்கள்.

சிப்பாய்கள் கயிற்றுக்காரியை நகர்த்திவிட்டுக் கதவைத் திறந்தார்கள். பொதிகளைத் தள்ளி, படுதாவை உருவினார்கள். ஓர்க்கு கைப்பிடியில் கட்டிய கையோடு நின்றது.

தளபதி முகத்தைச் சுளித்தார். "இந்தச் சனியனுக்கு யாரு சொந்தம் வருவாங்க? யாராவது கையப் பிடிச்சு ஒரு வார்த்தை சொல்லி முடிங்கப்பா. பல்லு உயிர் போகுது."

சிப்பாய்கள் தரையைப் பார்த்தார்கள். ஓர்க்கை 'என் ஆள்' என்று சொன்ன சிப்பாய் அப்புறம் பேரரசின் கொடியைத் தூக்க முடியாது. அது தளபதிக்கும் தெரியும். அவர் முடிதிருத்துபவரைப் பார்த்தார்.

"இவன் என்கிட்ட வந்ததே இல்லீங்க" என்றார் அவர். கூட்டம் சிரித்தது. வந்த சிரிப்பு வந்தபடியே அடங்கிவிட்டது.

மந்திரவாதி முக்காலியிலிருந்து விழுந்து முழங்காலில் நகர்ந்து வந்தான். "யாராவது சொல்லுங்களேன். ஒரே ஒரு வார்த்தை. அது ஓர்க்கா இருந்தா என்ன? சும்மா சொன்னாக்கூடப் போதும்."

மேஸ்திரி மெல்ல முன்னால் வந்தான். அவன் ஓர்க்கின் பக்கம் போகிறான் என்று தெரிந்ததும் கயிற்றுக்காரி குறுக்கே நின்றாள்.

"எங்க போறே?"

"அண்ணி, விடுங்க. இவ்வளவு நாள் நமக்கு உழைச்சிருக்கு. இது இல்லாம ஒரு முழம் கயிறு திரிச்சிருக்க முடியுமா? நான்தானே கொண்டாந்து கட்டினேன்? நானே அவுத்து விட்டுடறேன்."

"அவுத்து விட்டா இவனும் விழுவான்."

"விழட்டும் அண்ணி. தொங்கப்போறான். அப்புறம் என்ன?"

"தொங்கறது ஒரு தண்டனையா? தொங்கினா கண்ணு மூடிரும். என் பையன் எத்தனை நாள் மூடாம நின்னான்? உங்க அண்ணன் கழுத்துல இருந்த விரல் தடம் மறந்துபோச்சா உனக்கு? நீதானே துணியால சுத்தி மறைச்சே, நான் பாக்கக் கூடாதுன்னு?"

"மறக்கல."

"அப்ப கையை எடுத்துகிட்டுப் பின்னால போ."

"இவன் நிக்கணும்கறதுக்காக அதுவும் நிக்கணுமா? அது என்ன பாவம் பண்ணுச்சு?"

"ஓர்க்குக்கெல்லாம் இப்ப வக்காலத்து வாங்க வந்துட்டியா?"

"யாருக்கும் வாங்கல அண்ணி. எனக்கு மனசு கேக்கல, அவ்வளவுதான்."

அவன் அவளைச் சுற்றிக்கொண்டு போய் ஓர்க்கின் மணிக்கட்டைப் பிடித்தான். வாயைத் திறந்தான். அவன் சொல்லியிருப்பான். கயிற்றுக்காரிக்கு அவனைத் தடுக்க வேறு வழி எதுவும் இருக்கவில்லை. ஆனால் மந்திரவாதிக்குப் பயம் பொறுக்கவில்லை. அவன் அவளைத்தான் தடையாக நினைத்தான். அவள் மனசைக் கரைத்துவிட வேண்டும் என்று அவளைப் பார்த்துக் கெஞ்சத் தொடங்கினான்.

"தாயே, உனக்குத் தெரியாது. நிக்கறதுன்னா தூங்கற மாதிரின்னு நினைக்காதே. எல்லாம் தெரியும். கண்ணு பாக்கும், காது கேக்கும். எதிர்ல யார் நிக்கறாங்கன்னு தெரியும். கையும் காலும் மட்டும் சொன்ன பேச்சைக் கேக்காது. உள்ள கத்திகிட்டே இருக்கணும், வெளிய ஒரு சத்தம் வராது. அதுல என்னைத் தள்ளிடாதே தாயே!"



கயிற்றுக்காரி அவனை நெருங்கிக் குனிந்தாள். "அப்ப என் பையனுக்குத் தெரிஞ்சிருக்கு."

மந்திரவாதிக்கு அப்போதுதான் தான் சொன்னது என்னவென்று விளங்கியது. வாயை மூடிக்கொண்டான்.

"திட்டிவாசலைத் திறந்துகிட்டு ஓடிவந்தது யாருன்னு அவனுக்குத் தெரியும். இல்லையா? சொல்லு. நல்லா பேசிகிட்டிருந்தியே."

அவன் மூக்கு ஒழுகியது. துடைக்க வழியில்லாமல் உறிஞ்சினான்.

"சொல்லுடா."

"...தெரியும்."

"அப்பான்னு தெரியும்."

"தெரியும் தாயே."

அவள் நிமிர்ந்து மேஸ்திரியைப் பார்த்தாள். மேஸ்திரியின் முகம் செத்திருந்தது. கீழே கிடந்த அண்ணன் மகனைப் பார்த்தான், முழங்காலில் இருந்தவனைப் பார்த்தான். ஓர்க்கின் மணிக்கட்டிலிருந்த அவன் விரல்கள் ஒவ்வொன்றாகப் பிரிந்தன. கையை எடுத்துவிட்டு, அதை எங்கே வைப்பது என்று தெரியாதவன் போல இடுப்புத் துணியில் துடைத்துக்கொண்டான்.

"அண்ணி," என்றான் மெல்ல, "அப்ப இதுக்கும்..."

"எனக்கும் காது இருக்கு. கேட்டேன்."

"கேட்டுமா?"

"கேட்டும்தான்."

தளபதி கூட்டத்தைச் சுற்றி ஒரு பார்வை பார்த்தார். "கடைசியாக் கேக்கறேன். யாராவது இருக்கீங்களா?" ரொட்டிக்கடைக்காரி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "உரிமை கேக்க ஆளில்லைன்னா நான் என்ன பண்ண முடியும்? மேலிடத்துல கேட்டா அப்படியே சொல்லிக்கறேன். கயிறு இருக்கா?"

"கயிற்றுக்கூடத்துல நின்னுகிட்டுக் கயிறு கேக்கறீங்களே" என்றாள் கயிற்றுக்காரி. உள்ளே போய், புதிதாகத் திரித்து தார் தடவிய வடத்தில் ஒரு துண்டை அவளே கொண்டுவந்து கொடுத்தாள்.

பொதிகளைத் தூக்கும் உத்தரம் கூடத்து வாசலில் நீட்டிக்கொண்டிருந்தது. அதில்தான் போட்டார்கள். உச்சி வெயில். மந்திரவாதி கடைசிவரை யாராவது சொல்லுங்களேன் சொல்லுங்களேன் என்று அலறிக்கொண்டிருந்தான். தோல்பட்டையை ஏற்றிய பிறகும் அலறல் மூக்கு வழியாக வந்தது. காலை உதைத்தான். உதைப்பது நின்றது. தலை தொங்கியது. வேடிக்கை பார்த்தவர்கள் மூச்சு விட்டார்கள்.

சிறிது நேரம் கழித்துத் தொங்கிய தலை நிமிர்ந்தது. கண் திறந்தது.

கூட்டம் கலைந்து ஓடியது. வடத்தை அறுத்து இறக்கியபோது அவன் காலை ஊன்றி நின்றான். தளபதி அவன் முகத்துக்கு நேரே கையை ஆட்டிப் பார்த்தார். கண்மணி மட்டும் அசைந்தது. அவர் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு, "இதை எங்க வேணும்னாலும் வச்சுக்குங்க" என்று சொல்லிவிட்டுக் குதிரை ஏறிவிட்டார்.

அன்று சாயங்காலம் மகனை அவன் தகப்பனுக்குப் பக்கத்தில் புதைத்தார்கள். அன்றுதான் கயிற்றுக்காரி அழுதாள்.

கூடத்தில் மறுபடி வேலை தொடங்கியது. படைக்கயிறு போய், கிணற்றுக்கும் படகுக்கும் வேண்டிய கயிறு திரித்தார்கள். சக்கரத்துக்கு இரண்டு கைப்பிடி. ஒன்றில் ஓர்க்கு இருந்தது, மற்றதில் மேஸ்திரி மந்திரவாதியைக் கட்டினான். கயிற்றுக்காரி இடுப்பில் நாரைச் சுற்றிக்கொண்டு, நாள் முழுக்க அவன் முகத்தைப் பார்த்தபடி பின்னால் நடந்தாள்.

அது அவளுக்கு இனித்தது. கொக்கியில் நாரை மாட்டும்போதெல்லாம் அவன் காதருகே ஊர்க்கதை சொல்வாள். "உன்னைப் பிடிச்ச சிப்பாய்க்குப் பொண்ணு பொறந்திருக்காம்." "வடக்கு வாசல்ல சந்தை போட்டிருக்காங்க. நல்ல கூட்டம்." "இன்னிக்கு உன் ஜலதோஷம் எப்படி இருக்கு?" அவன் கண் அவளைப் பார்க்கும். உள்ளே அவன் கத்துகிறான் என்று அவளுக்குத் தெரியும். அந்தச் சத்தம் காதில் விழுகிற மாதிரியே ஒரு திருப்தியோடு இழை விடுவாள்.

ஆனால் சக்கரத்தைப் பார்க்கிறவளுக்கு இரண்டு முகமும் தெரியும். இடது பக்கம் இருந்த முகத்தைப் பார்க்காமல் இருக்க அவள் என்னென்னவோ செய்தாள். கழுத்தைச் சாய்த்துக்கொண்டு நடந்தாள். நாரை மட்டும் பார்த்து நடந்தாள்.

"அண்ணி, புரி முடிச்சு முடிச்சா வருது" என்றான் மேஸ்திரி. "உங்க கையா இது?"

"நார் மட்டம்."

"நார் நல்ல நார்தான்."

மறுநாள் அவள் இடது பக்கத்து முகத்தையும் பார்த்து நடந்தாள். ஓர்க்கின் கண்ணும் அசைந்தது. எத்தனை வருஷமாகவோ அசைந்துகொண்டுதான் இருந்திருக்கும். அவள்தான் பார்க்காதவள். அதை இனி யாராலும் விட முடியாது. விடக்கூடியவன் பேச முடியாத வாயோடு அந்தப் பக்கத்துக் கைப்பிடியில் கட்டுண்டு நின்றான்.

மழைக்காலம் தொடங்கியது. சக்கர அறையின் கூரை ஒழுகி இருவர் தலையிலும் கொட்டியது. கயிற்றுக்காரி ஒரு சாக்கை மடித்துக் கொண்டுவந்து ஓர்க்கின் தலையிலும் தோளிலும் போர்த்தினாள். மந்திரவாதியின் மேல் தண்ணீர் கொட்டிக்கொண்டேயிருந்தது. பிறகு அவள் ஓர்க்கின் கைக்கட்டுகளை அவிழ்த்தாள். கயிறு வெகுநாள் அழுந்தி மணிக்கட்டில் பள்ளம் விழுந்திருந்தது.

"என்ன பண்றீங்க அண்ணி?"

"இது இனிமே சுத்த வேண்டாம்."

"ரெண்டு ஆள் சுத்தற சக்கரம் அது. எருதுக்கு ரெண்டு ஆள் பலம் இருந்துச்சு. இவன் பல்லி மாதிரி இருக்கான். ஒருத்தனா எப்படிச் சுத்துவான்?"

"சுத்துவான். மெதுவா சுத்தட்டும். எங்க போகப்போறான்?"

ஓர்க்கைத் தோளில் தள்ளித் தள்ளி நடத்திக்கொண்டு போய், வாசல் கூரையின் கீழ் நனையாத இடமாகப் பார்த்து, முகம் தெருவைப் பார்க்கும்படி நிறுத்தினாள். எதிரே ரொட்டிக்கடை. ஆட்கள் போவதும் வருவதுமாக இருந்தார்கள். கூடையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு ஓடிவந்த ரொட்டிக்கடைக்காரி திடுக்கிட்டு நின்றாள்.

"ஏன்டி, இதைக் கொண்டாந்து வாசல்ல வச்சிருக்கே? என் கடைக்கு எவன் வருவான்?"

"உள்ள இருட்டா இருக்குக்கா. பாக்கறதுக்கு ஒண்ணுமில்ல."

ரொட்டிக்கடைக்காரி அவளையும் ஓர்க்கையும் மாறி மாறிப் பார்த்தாள். ஏதோ முணுமுணுத்துக்கொண்டு தன் கடைக்குள் போனாள். ஆனால் அன்று கடையின் முன்பலகையைச் சாத்தாமல், ஓர்க்குக்கு உள்ளே தெரியும்படி திறந்தே விட்டுவிட்டாள்.

கயிற்றுக்காரி உள்ளே திரும்பி வந்தாள். நாரை இடுப்பில் சுற்றி, நுனியைக் கொக்கியில் மாட்டினாள். மந்திரவாதியின் முதுகில் கையை வைத்துத் தள்ளினாள்.

"ம், சுத்து."

தனியாக அவன் தோள்கள் நடுங்கின. சக்கரம் முனகிக்கொண்டு மெல்ல அசைந்தது. அவள் அவன் முகத்தைப் பார்த்தபடி பின்னால் நடக்கத் தொடங்கினாள்.